மாதிரியுருவும் மறைபொருளும்: பெண்ணின் இனப்பெருக்கத் தொகுதியைக் கற்பிக்கும் உருக்கள் பற்றி ஒரு விமர்சன நோக்கு

இலக்கியப் படைப்பொன்றை விமர்சிக்கப் புகுவோர் அதனிடத்து மூன்று வினாக்களை எழுப்புதல் மரபு. அது எதனைக் கூறுகின்றது, எதனைக் கூறாது விடுகின்றது, யாரை நோக்கிக் கூறுகின்றது என்பனவே அவை. கவிதைக்கும் புனைகதைக்கும் உரியனவாக நாம் பயின்றுவந்த இவ்வினாக்களை, பாடசாலை விஞ்ஞான ஆய்வுகூடத்தின் அலுமாரியில் வைக்கப்பட்டிருக்கும் ஒரு பொருளிடத்தும் எழுப்ப முடியும் என்பதே இக்கட்டுரையின் எடுகோளாகும். அப்பொருள், பெண்ணின் இனப்பெருக்கத் தொகுதியைக் கற்பிப்பதற்கெனச் செய்யப்பட்ட மாதிரியுரு.

கலைப்பீட மாணவர் ஒருவர் இத்தகைய பொருள் பற்றி எழுதுதல் பொருந்துமோ எனச் சிலர் ஐயுறலாம். மாதிரியுரு உடலன்று, உடலைப் பற்றி யாரோ ஒருவர் செய்த கூற்று. எந்தப் பகுதியை வெட்டிக் காட்டுவது, எதற்கு நிறந்தீட்டுவது, எதற்கு எண்ணிட்டுப் பெயர் சூட்டுவது, எதனை முற்றாக விட்டுவிடுவது என்பனவெல்லாம் செய்தவரின் தெரிவுகள். தெரிவு உள்ள இடத்தில் நோக்கும் உண்டு. நோக்கு உள்ள இடத்தில் விமர்சனத்துக்கும் இடமுண்டு. கல்முனைக்குடி, சாய்ந்தமருது, மருதமுனை, நற்பிட்டிமுனை எனத் தொடரும் அம்பாறைக் கரையோரத்துத் தமிழ் பேசும் முஸ்லிம் ஊர்களை மனத்திற்கொண்டே இவ்விமர்சனம் எழுதப்படுகின்றது. இவ்வூர்ப் பெண்பிள்ளைகள் தம் உடலைப் பற்றி அறிவதற்கு இன்று எஞ்சியிருக்கும் வாயில்களுள் அம்மாதிரியுருவும் ஒன்றாகலின், அது என்ன செய்கின்றது என்று கேட்பது அவசியமாகின்றது.

கண்ணுக்குச் செய்த உருவும் கைக்குச் செய்த உருவும்

பெண்ணுடலின் மாதிரியுருக்களின் வரலாற்றை நோக்குமிடத்து இரு வேறு மரபுகளை இனங்காணலாம். பதினெட்டாம் நூற்றாண்டின் ஐரோப்பாவில் அவ்விரண்டும் ஏறத்தாழ ஒரே காலத்தில் நிலவின.

முதலாவது மரபின் சிறந்த எடுத்துக்காட்டு, இத்தாலியின் புளோரன்ஸ் நகரில் 1775இல் திறக்கப்பட்ட லா ஸ்பெக்கோலா அரும்பொருட்சாலை. அங்கு கிளெமென்டே சுசீனி (1754–1814) என்னும் கலைஞரின் கைவண்ணத்தில் மெழுகாலான பெண்ணுருவங்கள் செய்யப்பட்டன. அவற்றுட் புகழ்பெற்ற ஒன்று, உண்மையான கூந்தலும் கழுத்தில் முத்துமாலையும் உடையதாய்ப் படுக்கையிற் சாய்ந்து கிடக்கும் அழகியொருத்தியின் வடிவம். அவளது மார்பும் வயிறும் அடுக்கடுக்காகக் கழற்றி எடுக்கத்தக்கவை. இறுதி அடுக்கில் கருப்பையும் அதனுள் சிறியதொரு கருவும் காணப்படும். வியன்னாவின் இராணுவ மருத்துவக் கல்லூரிக்கென இரண்டாம் யோசப்புப் பேரரசன் இத்தகைய உருக்களைப் பெருந்தொகையாக வரவழைத்தான். விஞ்ஞான நுட்பத்தில் இவற்றுக்குக் குறைகூறுதல் கடினம். ஆயினும் இவ்வுரு யாரை நோக்கிப் பேசுகின்றது? எதிரே நிற்கும் ஆடவனை நோக்கி. முத்துமாலையால் உடற்கூற்றறிவு எவ்வகையிலும் பெருகுவதில்லை. காண்போனின் களிப்பே பெருகுகின்றது. பெண் இங்கு அறிவின் பொருள், அறிபவள் அல்லள். 1774இல் வில்லியம் ஹன்டர் வெளியிட்ட கருவுற்ற கருப்பை பற்றிய பெருநூலின் 34 படத்தகடுகளையும் இதனோடு ஒருங்குவைத்து எண்ணலாம். அவற்றுட் பலவற்றில் முகமுமில்லை, காலுமில்லை. தொடைகள் துண்டிக்கப்பட்ட நடுவுடல் மாத்திரமே உண்டு.

இரண்டாவது மரபு பிரான்சிய மருத்துவிச்சியான அஞ்செலிக் து கூத்ரே என்பாருடையது. 1759இல் மகப்பேற்றுக் கலை பற்றிய நூலொன்றை வெளியிட்ட இவ்வம்மையார், அதே ஆண்டில் பதினைந்தாம் லூயி மன்னனின் ஆணைபெற்று நாட்டின் மாகாணங்கள்தோறும் இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பயணஞ் செய்து, எழுத்தறிவற்ற கிராமத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கானோருக்குப் பிரசவம் பார்க்கும் முறையைக் கற்பித்தார். அவர் தம்முடன் கொண்டுசென்ற கருவி துணியாலும் தோலாலும் பஞ்சாலும் தைக்கப்பட்ட ஓர் இடுப்புருவம். அதனுள்ளே துணிக் குழந்தை ஒன்று. அதனைத் தொப்பூழ்க்கொடியோடும் நச்சுக்கொடியோடும் பொருத்தலாம், கழற்றலாம், குறுக்கே திருப்பி வைக்கலாம். மாணவியர் கண்ணை மூடிக்கொண்டு கையை நுழைத்து, குழந்தையின் தலை எது, தோள் எது எனத் தடவி அறிந்தனர். இவ்வுருக்களுள் ஒன்று இன்றும் ரூவான் நகரத்து அரும்பொருட்சாலையில் உள்ளது. காண்பதற்கு அது அழகியதன்று. ஆயின் அது பெண்ணின் கைக்கெனச் செய்யப்பட்டது. பெண்ணை அறிபவளாகக் கொண்டது.

மெழுகுக்கும் துணிக்கும் இடையேயுள்ள வேறுபாடு வெறும் மூலப்பொருள் வேறுபாடன்று என்பது இதனாற் புலனாகும். ஒன்று அறிவைக் காட்சியாக்குகின்றது. மற்றது அறிவைப் பழக்கமாக்குகின்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் லூயி ஓசூ காகிதக்கூழால் செய்து உலகெங்கும் அனுப்பிய பிரித்தெடுக்கத்தக்க உருக்களும், இன்று நமது பாடசாலைகளை வந்தடையும் பிளாஸ்ரிக் உருக்களும் கழற்றிப் பூட்டத்தக்கனவாயினும், பெரும்பாலும் கண்ணின் மரபையே சார்ந்தவை எனலாம்.

நமது மரபில் மௌனம் எப்போது தோன்றியது?

பெண்ணுடல் பற்றிய பேச்சு நமது மார்க்கத்துக்கும் மரபுக்கும் அந்நியமானது என்றொரு கருத்து நமது ஊர்களிலே நிலவுகின்றது. வரலாற்றுச் சான்றுகள் இக்கருத்துக்கு ஆதரவாக இல்லை.

கி.பி. 1013 அளவில் மறைந்த அந்தலூசிய அறுவை மருத்துவரான அஸ்ஸஹ்ராவி, தமது 'அத்தஸ்ரீப்' என்னும் பெருநூலின் அறுவைப் பகுதியிலே, கருவிலுள்ள குழந்தையின் இயல்பான நிலையும் பிறழ்ந்த நிலைகளும் பற்றி மருத்துவிச்சிகளுக்கு அறிவுறுத்துகின்றார். மகப்பேற்றுக்கான கருவிகளைப் படம் வரைந்தும் காட்டுகின்றார். பெண் நோயாளியை ஆடவன் தொட்டுச் சோதித்தல் தகாதாயின், திறமைவாய்ந்த பெண்ணொருத்தி வைத்தியனின் வழிகாட்டலின்கீழ் அதனைச் செய்யவேண்டும் என்பது அவர் காட்டும் வழி. பதினான்காம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஷீராஸ் நகரத்து மன்ஸூர் இப்னு இல்யாஸ் பாரசீக மொழியில் எழுதிய உடற்கூற்று நூலின் முழுப்பக்கப் படங்களுள் கருவுற்ற பெண்ணின் உருவமும் ஒன்று. நாணத்தைப் பேணிய சமூகங்களே இவ்வறிவையும் பேணின என்பது இவற்றாற் பெறப்படும்.

நமக்கு இன்னும் அண்மையிலுள்ள சான்று பிக்ஹு நூல்கள். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) அரபுத்தமிழில் இயற்றிய 'பத்ஹுத் தையான்' போன்ற நூல்களின்வழி, தமிழ் பேசும் முஸ்லிம் பெண்கள் சுத்தம் பற்றிய சட்டங்களைத் தம் சொந்த மொழியிலேயே கற்றனர். ஹைழ், நிபாஸ், இஸ்திஹாழா என மாதவிடாயையும் பேற்றுத் தொடக்கையும் நோயால் வரும் உதிரப்போக்கையும் வேறுபடுத்தியறிய அச்சட்டக்கலை பயிற்றிற்று. ஷாபிஈ மத்ஹபின்படி ஹைழின் குறைந்த அளவு ஒரு பகலும் ஓரிரவும். கூடிய அளவு 15 நாள். நிபாஸின் கூடிய அளவு 60 நாள். தொழுகையும் நோன்பும் இக்கணக்கைச் சார்ந்திருத்தலால், எழுத்து வாசியாத உம்மம்மாவும் தன் உடலின் நாட்கணக்கைத் துல்லியமாக வைத்திருந்தாள். நிறம், அளவு, நாள் ஆகியவற்றைக் கவனித்துத் தன் உடலைத் தானே வாசிக்கும் பயிற்சி அது. மார்க்கத்தை அறிவதற்கு அன்சாரிப் பெண்களுக்கு நாணம் தடையாக இருக்கவில்லை என ஆயிஷா நாயகி பாராட்டிய அறிவிப்பு நமது பள்ளிவாசல்களில் அடிக்கடி எடுத்தாளப்படுவதாகும்.

தமிழ் மருத்துவக் கல்வியின் பக்கமும் வறியதன்று. 1847இல் யாழ்ப்பாணம் வந்து மானிப்பாயில் பணியாற்றிய அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் (1822–1884), மேனாட்டு மருத்துவ நூல்களைத் தமிழாக்கும் பெருமுயற்சியில் ஈடுபட்டார். மான்செல் என்பாரின் மகப்பேற்று மருத்துவ நூல் 'பிரசவ வைத்தியம்' எனத் தமிழில் 1857இல் வெளிவந்தது. 'மனுஷ அங்காதிபாதம்' 1872இல் வெளிவந்தது. பிரசவத்தை முறையாக விளக்கும் மேனாட்டு மருத்துவ நூல் ஒன்று நூற்றறுபது ஆண்டுகளுக்கு முன்னரே தமிழில் அச்சேறியிருந்தது என்பது நாம் பெருமைப்படத்தக்க செய்தியே. எனினும் விமர்சகன் பெருமையோடு நின்றுவிடலாகாது. கிறீனிடம் பயின்றோர் ஆடவர். ஊர் ஊராகப் பிரசவம் பார்த்த மருத்துவிச்சிகளோ அந்நூலை வாசித்தவர்கள் அல்லர். சொல் ஆடவரின் ஏட்டிலும், கை பெண்களின் வழக்கிலுமாகப் பிரிந்து நின்றன. புளோரன்சின் மெழுகுருவுக்கும் து கூத்ரேயின் துணியுருவுக்கும் இடையே நாம் கண்ட பிளவு, ஈழத்துத் தமிழிலும் வேறொரு வடிவில் நிகழ்ந்தது.

பின்னர் அரசு மருத்துவம் வந்தது. கொழும்பில் 1879இல் டி சொய்சா மகப்பேற்று மனை திறக்கப்பட்டது. களுத்துறையில் 1926இல் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கப்பட்டது. அதன்வழி வளர்ந்த பொதுச் சுகாதார மருத்துவிச்சிகளின் சேவை நாடு முழுதும் பரவிற்று. இன்று ஏறத்தாழ எல்லாப் பிரசவங்களும் வைத்தியசாலைகளிலேயே நிகழ்கின்றன. தாய்மார் மரணம் குறைந்தமைக்கு இது முக்கிய காரணமாகும். இதனைக் குறைத்து மதிப்பிடுவது நன்றியின்மை. ஆயினும் இம்மாற்றத்தின் ஒரு விளைவு கவனத்துக்கு வரவில்லை. முன்னர் வீட்டின் உள்ளறையில் பிரசவம் நிகழ்ந்த காலத்தில் மூத்த பெண்கள் கண்டும் தொட்டும் கேட்டும் அறிந்தவை இளைய பெண்களுக்குக் கைமாறின. அவ்வறிவில் பிழைகளும் ஆபத்துகளும் மலிந்திருந்தன என்பது உண்மையே. பிரசவம் வீட்டை விட்டகன்றபோது பிழையோடு அறிவும் அகன்றது. அந்த வெற்றிடத்தை நிரப்பவேண்டிய பொறுப்பு பாடநூலையும் மாதிரியுருவையும் சார்ந்தது. அவை அப்பொறுப்பை நிறைவேற்றுகின்றனவா?

ஆய்வுகூடத்து உரு கூறுவதும் கூறாததும்

பாடசாலைகளிற் பொதுவாகக் காணப்படும் மாதிரியுருக்கள் இருவகைப்படும். ஒன்று, கருப்பையையும் இருபுறக் குழாய்களையும் சூலகங்களையும் முன்பக்கமாகக் காட்டுவது. மற்றது, இடுப்பை நெடுக்காக வெட்டிப் பக்கவாட்டில் காட்டுவது. பாடநூற் படங்களும் இவ்விரண்டையே பின்பற்றுகின்றன.

முதலாவது குறை அளவு பற்றியது. குழந்தை பெறாத வளர்ந்த பெண்ணின் கருப்பை ஏறத்தாழ 7.5 சென்ரிமீற்றர் நீளமும், 5 சென்ரிமீற்றர் அகலமும், 2.5 சென்ரிமீற்றர் தடிப்பும் உடையது. தலைகீழாக வைத்த சிறியதொரு பேரிக்காயை ஒத்தது. குழாய் ஒவ்வொன்றும் 10 முதல் 12 சென்ரிமீற்றர் வரை நீளமானது. சூல் மில்லிமீற்றரின் பத்திலொரு பங்கு. பெருப்பித்துச் செய்யப்பட்ட உருவையும் தாள் நிறைந்த படத்தையும் மாத்திரம் கண்ட மாணவி, தன் வயிறு முழுவதையும் அடைத்துக் கிடக்கும் ஓர் உறுப்பைக் கற்பனை செய்துகொள்வாளாயின் அது அவள் குற்றமன்று. தன் உள்ளங்கையில் அடங்கத்தக்க உறுப்பொன்று ஒன்பது மாதத்தில் முழுக் குழந்தையைத் தாங்குமளவுக்கு விரிந்து மீண்டும் சுருங்குகின்றது என்ற வியப்பே அவளுக்கு மறுக்கப்படுகின்றது.

இரண்டாவது, நிலை பற்றியது. முன்பக்க உருவில் கருப்பை நிமிர்ந்து நிற்கின்றது. பெரும்பாலான பெண்களிலோ அது சிறுநீர்ப்பையின்மேல் முன்னோக்கிச் சாய்ந்திருக்கும். சிலரிற் பின்னோக்கிச் சாய்ந்திருத்தலும் இயல்பே. குழாயின் முனை சூலகத்தோடு ஒட்டியிருப்பதாகப் பல உருக்கள் காட்டுகின்றன. உண்மையில் அவை தொடர்ச்சியானவையல்ல. யோனி எப்போதும் திறந்திருக்கும் குழாயாகக் காட்டப்படுகின்றது; இயல்பு நிலையில் அதன் சுவர்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும். இவை சிறு விடயங்களெனத் தோன்றலாம். கருத்தடைக்காக வைக்கப்படும் லூப் மேலேறி நெஞ்சுக்குப் போய்விடும் என அஞ்சும் பெண்ணுக்கு இவை சிறு விடயங்கள் அல்ல.

மூன்றாவது குறை காலம் பற்றியது. என் நோக்கில் இதுவே பெரிது. கருப்பையின் உட்படை மாதந்தோறும் தடித்து, மாறி, உதிர்ந்து, மீண்டும் வளர்வது. சூலகம் பிறப்பின்போது பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட சூற்கலங்களைக் கொண்டிருந்து, வாழ்நாளில் நானூறு அளவிலானவற்றையே முதிரச் செய்து வெளிவிடுவது. இத்தொகுதியின் இயல்பே மாற்றம். பிளாஸ்ரிக் உருவோ ஒரே நிறத்தில், ஒரே தடிப்பில், என்றும் மாறாது நிற்கின்றது. நாட்கணக்கை உம்மம்மா அறிந்திருந்தாள்; இடத்தை அறிந்திலள். பேத்திக்கு ஆய்வுகூடம் இடத்தைக் காட்டுகின்றது, நாட்கணக்கைக் காட்டவில்லை. இரண்டும் ஓரிடத்தில் சந்திக்கவேயில்லை.

நான்காவது குறை விடுபாடு. பெரும்பாலான பாடசாலை உருக்களில் வெளியுறுப்புகள் இல்லை. இருப்பினும் பெண்குறிக்காம்புக்கு எண்ணும் இல்லை, பெயரும் இல்லை. ஆணின் தொகுதியில் எதுவும் இவ்வாறு விடப்படுவதில்லை. இவ்விடுபாடு நமது சமூகத்துக்கு மட்டும் உரியதன்று. ஜேர்மனிய உடற்கூற்றியலாளர் கோபெல்ற் 1844இலேயே இவ்வுறுப்பின் உள்ளமைப்பை விரிவாக வரைந்திருந்தார். ஆயினும் அது மருத்துவ நூல்களிற் சுருங்கியும் மங்கியுமே இடம்பெற்றுவந்தது. அவுஸ்திரேலிய அறுவை மருத்துவர் ஹெலன் ஓகொனல் 1998இல் வெளியிட்ட ஆய்வே அதன் முழு அளவை மீண்டும் மருத்துவ உலகின் கவனத்துக்குக் கொணர்ந்தது. பிரான்சிய ஆய்வாளர் ஓடில் பியோ அதன் முழுவடிவ மாதிரியைப் பாடசாலைகளுக்கென வடிவமைத்தது 2016இல்தான். மேனாட்டிலேயே இத்தனை காலம் தாழ்த்தி வந்த ஒன்று நமது அலுமாரியில் இல்லாமை வியப்பன்று. ஆயினும் வியப்பின்மை நியாயமாகாது.

சொல்லும் ஒரு மாதிரியுருவே

உருவின் பாகங்களுக்கு ஒட்டப்படும் பெயர்ச்சீட்டுகளும் விமர்சனத்துக்குரியவை. கருவழிக் குழாய், பதினாறாம் நூற்றாண்டின் இத்தாலிய உடற்கூற்றியலாளர் பலோப்பியோவின் பெயரால் 'பலோப்பியன் குழாய்' என்றே இன்றும் நமது மாணவியரால் மனனஞ் செய்யப்படுகின்றது. 'வஜைனா' என்னும் இலத்தீன் சொல்லின் பொருள் வாளுறை. அது வாளின் நோக்கிலிருந்து இடப்பட்ட பெயர். உறையின் நோக்கிலிருந்து இடப்பட்டதன்று. பெண்ணின் வெளியுறுப்புத் தொகுதியைக் குறிக்க நெடுங்காலம் வழங்கிய 'பியுடென்டம்' என்ற சொல் வெட்கப்படத்தக்கது எனப் பொருள்படும். ஆதலின் வெட்கத்தைப் பெயராக்கியவர்கள் கீழைத்தேயத்தவர் மாத்திரம் அல்லர்.

தமிழில் நிலைமை வேறு. சூல், கரு, பேறு, ஈற்று என இப்பொருள் பற்றிய பழஞ்சொற்கள் இழிவு கலவாதவை. மேகமும் நெல்லும் சூல் கொள்வதாகக் கூறும் மொழி இது. நமது வயல்வெளிகளில் பயிர் குடலைப் பருவத்தில் நிற்கின்றது என உழவர் எவ்விதக் கூச்சமுமின்றிப் பேசுவர். 'கருப்பை', 'சூலகம்' என்னும் கலைச்சொற்கள் இவ்வேரினின்று கிளைத்தவை. 1950களிலும் 60களிலும் அரசகருமமொழித் திணைக்களம் வெளியிட்ட கலைச்சொற்றொகுதிகள் ஈழத்துத் தமிழுக்கு ஆற்றிய பணி பெரிது. குறை எங்குள்ளதெனின், உள்ளுறுப்புகளுக்குச் செப்பமான சொற்களைக் கண்ட தமிழ், வெளியுறுப்புகளுக்கு வந்தபோது தடுமாறுகின்றது. வடசொல் ஒன்று, வசவுச்சொல் ஒன்று, இடக்கரடக்கல் ஒன்று என்ற மூன்றுக்கிடையே மாணவி நிற்கின்றாள். பெண்குறிக்காம்பு என்பாரும் பெண்குறிமொட்டு என்பாரும் உளர்; நிலைபெற்ற சொல் ஒன்றில்லை.

சொல்லை அஞ்சுவதென்பது கவிதையுலகிலும் நாம் கண்டதே. 2002இல் குட்டி ரேவதி தமது கவிதைத் தொகுப்புக்கு 'முலைகள்' எனப் பெயரிட்டபோது தமிழகத்தில் எழுந்த கண்டனம், அக்கவிதைகளின் தரம் பற்றியதன்று. பெண்ணொருத்தி அச்சொல்லைத் தன் வாயாற் கூறியது பற்றியது. தாய்ப்பாலையும் தாயின் மார்பையும் போற்றும் பாடல்கள் மலிந்த மொழியில், அச்சொல் அவளுக்கு மாத்திரம் உரியதன்று எனப்பட்டது.

பாடநூல் வாக்கியங்களும் நோக்கற்பாலன. அமெரிக்க மானிடவியலாளர் எமிலி மார்ட்டின் 1991இல் வெளியிட்ட கட்டுரையொன்றில், விஞ்ஞான நூல்கள் விந்தை வீரனாகவும் சூலைக் காத்திருக்கும் மணமகளாகவும் சித்திரிப்பதை எடுத்துக்காட்டினார். மாதவிடாயை நிறைவேறாத கருத்தரிப்பின் சிதைவாக மாத்திரம் விவரிக்கும் போக்கையும் அவர் வேறிடத்தில் கண்டித்தார். நமது விஞ்ஞானப் பாடங்களின் நடையும் இப்போக்குக்குப் புறநடையன்று. கருக்கட்டல் நிகழாதவிடத்து உட்படை சிதைந்து வெளியேறும் என்ற வாக்கியத்தில் பிழையொன்றுமில்லை. ஆயின் பதின்மூன்று வயதுச் சிறுமியின் வாழ்வில் அது சிதைவன்று, ஆரோக்கியத்தின் அடையாளம். இதனைக் கூறும் மற்றொரு வாக்கியம் அதனருகே இருந்திருத்தல் வேண்டும்.

கரையோர ஊர்களில் இதன் பயன் யாது?

இவையாவும் ஏட்டு விவாதம் எனக் கருதப்படாமைக்காக மூன்று விடயங்களைச் சுட்டுதல் பொருந்தும்.

முதலாவது, 2017 முதல் இலங்கைப் பாடசாலைகளில் ஆறாந் தர மாணவியருக்குக் கருப்பைக் கழுத்துப் புற்றுநோயைத் தடுக்கும் எச்.பி.வி. தடுப்பூசி இரு தடவைகளாக ஏற்றப்படுகின்றது. இது மெச்சத்தக்க ஏற்பாடு. ஆயின் மனித இனப்பெருக்கம் விரிவாகக் கற்பிக்கப்படுவது சாதாரண தர வகுப்புகளிலேயே. பத்து அல்லது பதினொரு வயதுச் சிறுமி, தான் பெயரும் இடமும் அறியாத ஓர் உறுப்பைக் காக்கும் ஊசியைப் பெறுகின்றாள். அறியாமை இருக்கும் இடத்திலேயே வதந்தி குடிபுகும். மலடாக்கும் ஊசி என்று யாரேனும் கூறினால், மறுமொழி கூறுதற்கு அவளிடமும் அவள் உம்மாவிடமும் என்ன இருக்கின்றது?

இரண்டாவது, 'வெல் வுமன் கிளினிக்' என வழங்கும் மகளிர் நல நிலையங்கள் 1996 முதல் நாடெங்கும் இயங்குகின்றன. முப்பத்தைந்து வயதை எட்டிய பெண்களைக் கருப்பைக் கழுத்துச் சோதனைக்கு வருமாறு குடும்பநல உத்தியோகத்தர்கள் வீடு வீடாகச் சென்று அழைக்கின்றனர். நோயில்லாதபோது எதற்குச் சோதனை என்ற வினாவுக்கு விடையளிக்க வேண்டுமாயின், கருப்பைக் கழுத்து எங்குள்ளது, அதிலிருந்து எவ்வாறு சில கலங்கள் நோவின்றி எடுக்கப்படுகின்றன என்பதைக் கையில் வைத்துக் காட்டக்கூடிய ஒன்று வேண்டும். சுவரொட்டி இவ்விடத்திற் போதாது.

மூன்றாவது, பேசுதற்கு அரியது. எனினும் பேசாது விடுதல் நேர்மையன்று. பெண்குழந்தைகளுக்குக் கத்னா செய்யும் வழக்கம் நமது சமூகத்தில் 'ஒஸ்தா மாமி'யின் கையால் வீட்டினுள்ளே நிகழ்ந்துவருவது. மருத்துவர்கள் இதனைச் செய்யலாகாது எனச் சுகாதார அமைச்சு 2018இல் சுற்றுநிருபம் அனுப்பியது. மார்க்கக் கடமை எனவும், வழக்கமேயன்றிக் கடமையன்று எனவும், சிறுமியின் உடலுக்கு இழைக்கப்படும் தீங்கு எனவும் கருத்துகள் மோதுகின்றன. மருத்துவப் பயன் எதுவுமில்லாத ஒன்றைத் தன் சம்மதத்தைக் கூற இயலாத சிசுவின் உடலிற் செய்தல் தகாது என்பதே என் கருத்து. ஆயின் இக்கட்டுரையின் பொருளோடு தொடர்புடைய வினா வேறு. எந்த உறுப்பைப் பற்றி இவ்விவாதம் நிகழ்கின்றதோ, அவ்வுறுப்பு நமது பாடநூலிலும் இல்லை, மாதிரியுருவிலும் இல்லை. தான் கண்டிராத, பெயரறியாத ஒன்றைப் பற்றி ஓர் இளந்தாய் எவ்வாறு இணங்குவாள்? எவ்வாறு மறுப்பாள்? அவளது மௌனத்தைச் சம்மதம் எனக் கொள்ளுதல் எவ்வளவு நியாயமானது?

இங்கு ஒரு முரண்பாட்டையும் குறிப்பிடுதல் தகும். மட்டக்களப்பு, அம்பாறைக் கரையோரச் சமூகங்கள், தமிழராயினும் முஸ்லிம்களாயினும், தாய்வழியாகக் குடியை எண்ணிவந்தவை. வீடு மகளுக்குச் சீதனமாகின்றது; மருமகன் அவ்வீட்டுக்கு வருகின்றான். பள்ளிவாசல் நிர்வாகத்தில் மரைக்காயர்மார் குடிவாரியாகத் தெரிவாகிவந்தமையும் இதன்பாற்பட்டது. தாய்வழிக் கிளையை 'வயிற்றுவார்' எனச் சுட்டும் சொல் இப்பிரதேச வழக்கில் உண்டு. வயிற்றைக் கொண்டு மனிதரை வகுத்த சமூகம், அவ்வயிற்றினுள் இருப்பதை அதற்குரியவளிடமே மறைத்துவைத்திருக்கின்றது.

ஒரு மறுப்பும் அதற்கு விடையும்

இத்தகைய உருக்களை வெளிப்படையாக வைத்தல் நாணத்தைக் குலைக்கும், கலவன் வகுப்பில் கேலிக்கு இடமளிக்கும் என்பது பெற்றோரும் ஆசிரியர் சிலரும் கூறும் மறுப்பு. இதனைப் பிற்போக்கு எனத் தள்ளிவிடுதல் எளிது. ஆயின் அது விமர்சனமாகாது. கேலி நிகழ்வது உண்மை. அதனால் முதலில் துன்புறுவோர் மாணவியரே. மெழுகுப் பெண்ணுருவங்களின் வரலாறு காட்டுவதும், பெண்ணுடலைக் கல்வியின் பெயரால் காட்சிப்பொருளாக்க முடியும் என்பதையே.

எனினும் இம்மறுப்பு இரு வேறு கருத்துகளை ஒன்றாகக் கொண்டு மயங்குகின்றது. அவ்ரத் என்பது பிறர் பார்வையினின்று மறைக்கப்பட வேண்டியது. உரியவளின் அறிவினின்று மறைக்கப்பட வேண்டும் என எந்த மார்க்கநூலும் கூறவில்லை. ஹைழ் பற்றிய சட்டங்களோ அவள் அறிந்திருப்பதைக் கட்டாயமாக்குகின்றன. மறைத்தல் வேறு, அறியாதிருத்தல் வேறு. அஸ்ஸஹ்ராவி காட்டிய வழி ஈண்டு பயனுடையது: பெண்ணிடத்துப் பெண் கற்பித்தல். பெண் ஆசிரியரோ குடும்பநல உத்தியோகத்தரோ மாணவியரை மட்டும் அமரவைத்துக் கற்பிக்கலாம். மாணவர்க்கு ஆண் ஆசிரியர் வேறாகக் கற்பிக்கலாம். ஆண்பிள்ளைகளும் இதனைக் கற்றல் அவசியம். நாளை மனைவியின் சோதனைக்கும் சிகிச்சைக்கும் இசைவோ தடையோ கூறப்போகின்றவர்கள் அவர்களே. கேலிக்கு மருந்து மறைப்பன்று, கல்வியே.

செய்யத்தக்கவை

விமர்சனம் குறைகூறுதலோடு முடிவடையுமாயின் அதனாற் பயனில்லை. மூன்று முன்மொழிவுகளை இங்கு வைக்க விரும்புகிறேன்.

ஒன்று, விலையுயர்ந்த இறக்குமதி உருக்களுக்காகக் காத்திராது துணியுருக்களைத் தைத்தல். மருதமுனையின் கைத்தறி நாடறிந்தது. அங்கு வெட்டுத்துணிக்குப் பஞ்சமில்லை. மனையியல் கற்கும் மாணவியர் உண்மையளவில் ஒரு கருப்பையைத் தைக்கலாம். மாதத்தின் வெவ்வேறு நாட்களைக் காட்டும் மூன்று நான்கு உட்படைகளைப் பொத்தானிட்டு மாற்றத்தக்கதாக அமைக்கலாம். வெளியுறுப்புகளை விடாது சேர்க்கலாம். தைப்பவளின் கை தைக்கும்போதே கற்கும். து கூத்ரே அம்மையார் இருநூற்றறுபது ஆண்டுகளுக்கு முன் செய்தது, இயந்திர வசதியும் கல்வியும் மிகுந்த நமது காலத்தில் செய்ய முடியாததன்று.

இரண்டு, சொல். ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகமும், மட்டக்களப்பில் சௌக்கிய பராமரிப்பு விஞ்ஞான பீடத்தோடு கூடிய கிழக்குப் பல்கலைக்கழகமும் நமது கரையை அடுத்தே உள்ளன. தமிழ்த்துறையினர், மருத்துவத் துறையினர், குடும்பநல உத்தியோகத்தர், ஆலிமாக்கள் ஆகியோர் ஒருங்கமர்ந்து, வசவும் கூச்சமும் கலவாத சொற்பட்டியல் ஒன்றை ஆக்கலாம். கிறீன் தனியொருவராகத் தொடங்கிய பணியைப் பீடங்கள் உடைய நாம் தொடராமல் விட்டிருப்பது நமக்குப் பெருமை தருவதன்று.

மூன்று, காலம். ஊசிக்கு முன்னர் பாடம் வரவேண்டும். ஆறாந் தரத்துச் சிறுமிக்கு முழுத் தொகுதியும் வேண்டியதில்லை. அவள் உடலில் கருப்பை என ஒன்று உண்டு, அதற்கு ஒரு கழுத்து உண்டு, இவ்வூசி அதனைக் காக்கின்றது என்ற மூன்று உண்மைகளே போதும்.

மாதிரியுரு ஒரு கூற்று என்று தொடக்கத்திற் கூறினோம். இன்று நமது ஆய்வுகூடங்களில் உள்ள கூற்று, பெண்ணைப் பற்றி வேறொருவர் வேறொருவருக்குச் சொல்வது. அதனைப் பெண் தனக்குத் தானே சொல்லத்தக்க கூற்றாக மாற்றுவதற்குத் தேவைப்படுவன சிறிது துணியும், சில சொற்களும், வகுப்பறையிற் கதவடைத்த ஒரு பாடவேளையுமே. இவற்றுள் எதுவும் நம்மிடம் இல்லாததன்று.